ரொட்டிக்குள் ஒரு ராஜா

தொர்ரேஆல்பா படைமுகாம், ஸ்பெயின்
1977 ஜனவரி 13

திருமதி அம்பாரோ அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு விருந்தின் நடுவில் எழுந்து வந்துவிட்டேன். காபி கூடக் குடிக்கவில்லை. பாதிப் பந்தியில் எழுவது மரியாதையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மரியாதையை முதலில் குப்பையில் போட்டவன் நானில்லை.

நடந்ததை நினைவுபடுத்துகிறேன். மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டியை வெட்டினீர்கள். உள்ளே வைத்துச் சுட்ட பீங்கான் ராஜா என் மகள் பெலெனின் துண்டில் வந்தது. எங்கள் வீட்டில் என்றால் ராஜா கிடைத்தவர் தலையில் காகிதக் கிரீடம் வைப்போம். உங்கள் கொழுந்தனார் செலெஸ்தினோ அதை அவள் கையிலிருந்து வாங்கினார், குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தார், உள்ளே போட்டார். மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் கைதட்டினீர்கள். என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற உங்கள் மகன் ஃபெர்மின் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

நான் ஸ்பெயின் ராஜாவின் சிப்பாய். அதற்கு மூன்று நாள் முன்புதான் முழுச் சீருடையில் நின்று அவர் நலத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். "அது உங்களுக்காகப் பண்ணினதில்லப்பா, அவங்க வீட்டு வழக்கம்" என்றாள் பெலென், திரும்பி வரும்போது ரயிலில். நல்ல வழக்கம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ராஜாமேல் எனக்குத் தனிப் பாசம் கிடையாது. ஜெனரல் என்று நான் சொன்னால், முப்பத்தாறு வருஷம் இந்த நாட்டை ஆண்ட ஒருவரைத்தான் சொல்வேன். பதினாறு வயதில் அவர் படையில் சேர்ந்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் இறந்தபோது அழுதேன். நீங்கள் அவருக்கு வேறு பெயர் வைத்திருப்பீர்கள். சாகுமுன் அவர் எழுதி வைத்துவிட்டுப் போன கட்டளை இது: எனக்குக் காட்டிய விசுவாசத்தை இனி ராஜாவுக்குக் காட்டுங்கள். அதற்குமேல் எனக்கு யோசனை இல்லை.

உங்களிடமிருந்து மன்னிப்பு வரும்வரை கல்யாணப் பேச்சு நிற்கட்டும். இங்கே வேறு விசேஷமில்லை.

கர்னல் லெயாந்த்ரோ உர்தியாலெஸ்


தூலூஸ், பிரான்ஸ்
1977 ஜனவரி 27

கர்னல் ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். "ஐயோ பாவம், ராஜாவுக்கு எங்கே அடிபட்டது?" என்று ஆரம்பித்திருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதைக் கிழித்துப் போட்டேன். திங்கட்கிழமை மாட்ரிடில் நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

முதலில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் போரில் தோற்று, பனியில் நடந்து எல்லை தாண்டி, இங்கே அகதி முகாமில் கிடந்து வெளியே வந்த முதல் ஜனவரியில் என் கணவர் தமியான் எங்கிருந்தோ மாவு கொண்டு வந்தார். ரொட்டி சுட்டோம். ராஜா அவர் துண்டில் வந்தது. "நாடே போயிடுச்சு, இவன் மட்டும் எதுக்கு?" என்று தொட்டியில் போட்டார். அழுதுகொண்டிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து வருஷம் தவறியதில்லை. தமியான் செத்த பிறகு அவர் தம்பி செய்கிறார்.

இந்த ராஜாவின் பாட்டனாரை மக்கள் ஓட்டுப் போட்டு நாட்டை விட்டே அனுப்பினார்கள். பேரனைத் திரும்ப வா என்று யார் ஓட்டுப் போட்டது? உங்கள் ஜெனரல் தனியாக ஒரே ஒரு ஓட்டுப் போட்டார். அந்த ஒரு ஓட்டில் ஜெயித்து வந்தவர் இவர். எங்களை யாரும் கேட்கவில்லை. என் கோபம் அவ்வளவுதான்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்களை, அவர்களுடைய அலுவலகத்திலேயே, உங்கள் ஜெனரலின் பக்தர்கள் சுவரோரம் நிறுத்திச் சுட்டிருக்கிறார்கள். என் மகனும் அதே வேலைதான் பார்க்கிறான், உங்கள் ஊரில். தொலைபேசியில் கூப்பிட்டுத் திரும்பி வா என்றேன். "பயப்படாதம்மா, நான் ஓரமா நடந்துக்கறேன்" என்கிறான். எந்த ஓரத்தில்?

கர்னல் ஐயா, உங்களைக் கெஞ்சுகிறேன். இந்த வார்த்தை எழுத எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தை நிறுத்தாதீர்கள். உங்கள் கண்பார்வையில் அவனைக் குடிவையுங்கள். கர்னலின் மருமகன் என்றால் அந்தத் துப்பாக்கிக்காரர்கள் இரண்டு தரம் யோசிப்பார்கள். விருந்தாளி முன்னால் கைதட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். தொட்டிக்காகக் கேட்க மாட்டேன்.

அம்பாரோ செர்வேயோ

உங்கள் கோட்டின் இடது கைப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்குகிறது. நான் தையற்காரி, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வேறு விசேஷமில்லை என்று முடிக்கிறீர்களே, உங்கள் நாட்டில் முப்பத்தெட்டு வருஷமாக விசேஷமே இல்லையா?


தொர்ரேஆல்பா
1977 ஏப்ரல் 12

சம்பந்தியம்மாவுக்கு,

இப்படித்தான் எழுத வேண்டும் என்று பெலென் நிற்கிறாள். எனக்கு இன்னும் பழகவில்லை.

கல்யாணம் மே மாதம், தேவாலயத்தில். ஃபெர்மின் முனகினான், ஆனால் சம்மதித்துவிட்டான். நீங்கள் வரலாம். எல்லையில் உங்களை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்டுக்கொண்டதையும் செய்திருக்கிறேன். அவன் வீடு திரும்பும் தெருமுனைக் காபிக் கடையில் என் சிப்பாய்கள் இரண்டு பேர் சாதா உடையில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அவனுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் சிப்பாய்களுக்கும் ஒரு சங்கம் ஆரம்பித்துவிடுவான்.

இனி என் வயிற்றெரிச்சல். உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின நாள், ஊரே விடுமுறையில் கிடக்கும்போது, வானொலியில் சொன்னார்கள்: உங்கள் கம்யூனிஸ்ட் கட்சிக்கு அனுமதி. என் வாழ்நாள் முழுக்க எதற்குக் காவல் நின்றேனோ, அந்தக் கதவை ராஜா வைத்த பிரதமரே திறந்துவிட்டார். ராஜாவுக்குத் தெரியாமல் இது நடக்காது. அதிகாரிகள் சாப்பாட்டு அறையில் மேஜர் லூக்கே எழுந்து நின்று கேட்டான்: "என்ன கர்னல், சம்பந்தி வீட்டுக்கு இனிப்பு அனுப்பியாச்சா?" எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

அறைக்குப் போய் ராஜினாமா எழுதினேன். அனுப்புவதற்கு முன் ஜெனரல் எழுதி வைத்ததை எடுத்து ஒரு தரம் படித்தேன். ராஜாவுக்கு விசுவாசமாயிருங்கள் என்றுதான் இருக்கிறது. 'அவர் உனக்குப் பிடித்ததைச் செய்தால் மட்டும்' என்று இல்லை. விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் குடித்துவிட்டேன். ராஜினாமா அடுப்புக்குள் போயிற்று.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள். இங்கே வேறு விசேஷமில்லை.

லெயாந்த்ரோ உர்தியாலெஸ்


தூலூஸ்
1979 ஏப்ரல் 23

சம்பந்திக்கு,

உங்கள் கடிதங்களுக்கு ஒழுங்காகப் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணத்துக்கு வந்து போன பிறகு எனக்குக் கொஞ்ச நாள் எதையும் எழுதப் பிடிக்கவில்லை. எல்லையில் என் கடவுச்சீட்டைப் பார்த்த பையன் "நல்வரவு அம்மா" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டான். இத்தனை வருஷம் நான் பயந்தது ஒரு கொட்டாவிக்கா என்று ரயிலில் அழுதேன்.

தேவாலயப் படியில் உங்கள் சீருடைப் பொத்தானைத் தைத்தேனே, அதை செலெஸ்தினோ இன்னும் சொல்லிக்காட்டுகிறார். கோட்டில் தொங்கியது, சீருடையிலும் அதே இடது கை. உங்கள் மனைவி இருந்திருந்தால் திட்டியிருப்பார். "அண்ணி, அவங்க ராணுவத்துக்கே பொத்தான் தெச்சிட்டு வந்துட்டீங்களே!" என்றார் கொழுந்தன். தொங்குகிற பொத்தானுக்குக் கட்சி கிடையாது என்றேன்.

இன்னொரு குற்றமும் செய்தேன். போன டிசம்பரில் புது அரசியல் சட்டத்துக்குத் தூதரகத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. சட்டத்தில் ராஜா இருக்கிறார். ஆனால் உங்கள் ஜெனரல் கிழவன் கொடுத்துவிட்டுப் போன சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு கிழவனைப் போலவே இவரும் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒவ்வொரு சாவியாக நாடாளுமன்றத்திடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நிற்கிறார். அதை நான் மறைக்க மாட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ஆமாம்' போட்டேன். செலெஸ்தினோ ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஜனவரியில் மட்டும் வந்தார், தொட்டியில் போட.

இப்போது ஃபெர்மின் ஓட்டில் ஜெயித்துத் துணை மேயர் ஆகிவிட்டான். ஊரெல்லாம் வாழ்த்துகிறது, நான் மட்டும் இன்னும் வாழ்த்தவில்லை. உங்கள் நகர மன்றக் கட்டடத்தைப் பார்த்தேன். முகாம் வாசலுக்கு நேர் எதிரே, நடுவில் சதுக்கம் மட்டும்தான். உங்கள் கவச வண்டிகள் கிளம்பினால் முதலில் வந்து நிற்கிற இடம் என் மகனின் மேசை.

வேலி நீங்கள்தான் என்று நம்பியிருக்கிறேன். வேலி பயிரை மேய்ந்த கதைகளையும் நான் நிறையப் பார்த்தவள்.

அம்பாரோ


தொர்ரேஆல்பா
1981 பிப்ரவரி 2

சம்பந்தியம்மாவுக்கு,

பெலெனுக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி நலம். இரண்டு பேருக்குச் சாப்பிடுகிறாள், நான்கு பேருக்குச் சண்டை போடுகிறாள்.

பிரதமர் ராஜினாமா செய்ததைக் கேட்டிருப்பீர்கள். வடக்கே தனிநாடு கேட்கிறவர்கள் எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். போன மாதமும் ஒரு சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். இறந்தவனுடைய மனைவி என் முகத்தைப் பார்த்து, "நீங்கல்லாம் எதுக்கு இருக்கீங்க?" என்று கேட்டாள்.  மேஜர் லூக்கேயிடம் அதற்குப் பதில் இருக்கிறது. "சுக்கானை ஒரே ஒரு தட்டு தட்டினாப் போதும் கர்னல், கப்பல் நேராயிடும்" என்கிறான். சாப்பாட்டு அறையில் அவனைச் சுற்றி நாற்காலிகள் கூடிக்கொண்டே போகின்றன. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு கால்பந்துக்கு மாறுகிறது.

நான் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று மகனுக்கு எழுதுங்கள். நெஞ்சுவலி என்று எழுதுங்கள். ஒரு மாதம் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

வேறு விசேஷமில்லை என்று முடிக்க இந்த முறை கை வரவில்லை.

லெயாந்த்ரோ


தூலூஸ்
1981 பிப்ரவரி 12

சம்பந்தி,

ஏன் என்று கேட்கத்தான் போகிறேன்.

நீங்கள் சொன்னபடி நெஞ்சுவலி என்று எழுதினேன். அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். "நெஞ்சுவலிக்காரி குரல் இப்படிக் கணீர்னு இருக்குமாம்மா? மாமா சொல்லிக் குடுத்தாரா?" என்றான். எனக்குப் பொய் வராது, உளறிவிட்டேன்.  பிறகு சொன்னான்: "ஜனங்க ஓட்டுப் போட்டு உக்கார வெச்ச நாற்காலிம்மா. யாரோ இருமினதுக்கெல்லாம் எழுந்து ஓட முடியாது. பெலெனை விட்டுட்டும் வர மாட்டேன்." அவன் அப்பாவும் இப்படித்தான் பேசுவார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது பெற்ற வயிறு பேசுகிறது.

அவன் வர மாட்டான். ஆகவே உங்களைக் கேட்கிறேன். உங்கள் வாசல் திறந்து வண்டிகள் வெளியே வந்தால், முதல் வண்டியில் நீங்கள் இருப்பீர்களா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உங்கள் ஆட்கள் நாட்டுக்காகக் கண்ணீர் விடுவதெல்லாம் ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனால் நீங்கள் ஓநாய் இல்லை. நீங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறவர். எனக்கு அதுதான் ஓநாயைவிடப் பயம்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போரில் தமியானின் பிரிவு ஒரு பாலத்தைக் காத்துக்கொண்டிருந்தது. ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, தலைமையகத்து உத்தரவு, பாலத்தை விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள் என்றான். பின்வாங்கினார்கள். அப்படி ஒரு உத்தரவை எந்தத் தலைமையகமும் போடவில்லை. பாலம் போயிற்று, அக்கரையில் இருந்த பாதிப் பேர் போனார்கள். சாகும்வரை தமியான் சொல்லுவார்: "பேரைச் சொன்னா நம்பாதே. அந்த வாயே சொல்லட்டும்."

உங்கள் மேஜர் எதைச் செய்தாலும் ஒரு பெரிய பெயரைப் போர்த்திக்கொண்டுதான் செய்வான். இன்றைக்கு அந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் பெரிய பெயர் ஒன்றுதான். ராஜாவின் பெயரைச் சொல்லி உங்களைக் கிளப்பினால், ராஜாவின் வாயைக் காட்டச் சொல்லுங்கள். அவரைத் தொட்டியில் போடும் வீட்டிலிருந்து இந்தப் புத்தி வருகிறதே என்று பிறகு சிரித்துக்கொள்ளலாம்.

பதில் போடுங்கள். சீக்கிரம்.

அம்பாரோ


தந்தி
தொர்ரேஆல்பா, 1981 பிப்ரவரி 24, காலை

ஃபெர்மின் நலம். பெலென் நலம். வேறு விசேஷமில்லை. லெயாந்த்ரோ.


தொர்ரேஆல்பா
1981 மார்ச் 1

சம்பந்தியம்மா,

தந்தியைப் பார்த்துவிட்டு நீங்கள் தொலைபேசியில் என் மகளிடம் "உங்கப்பாவுக்கு இதுவும் விசேஷமில்லையா!" என்று கத்தினீர்களாம். என்ன எழுதுவதென்று தெரியவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது.

ஆட்சியைப் பிடிக்க வந்த சீருடைக்காரர்கள் 23ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள் புகுந்து கூரையைச் சுட்டதையெல்லாம் நீங்களும் வானொலியில் கேட்டிருப்பீர்கள். இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மேலிடத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. யார் என்று எழுத மாட்டேன், விசாரணை நடக்கிறது. "வண்டிகளைச் சதுக்கத்துக்கு எடு. நகர மன்றத்தைப் பிடி. உள்ளே இருக்கறவங்களை அடைச்சு வை. ராஜாவின் பெயரில் உத்தரவு" என்றார். என் கை தானாகவே சல்யூட் அடித்துவிட்டது. தொலைபேசிக்கு முன்னால், அறையில் தனியாக. ராஜாவின் பெயர் என்றால் எனக்கு ஜெனரலின் கட்டளை. நான்கு வருஷமாக உங்களிடம் அதைத்தானே சொல்லி வந்தேன்.

அப்போது உங்கள் தமியானின் பாலம் ஞாபகம் வந்தது. பொய் சொல்லவில்லை. ஃபெர்மின் ஞாபகம் வரவில்லை, பெலென் ஞாபகம் வரவில்லை, நான் ஒரு தரமும் பார்த்திராத அந்தப் பாலம்தான் வந்தது. "ராஜா பேர்லன்னா ராஜா குரல்ல கேக்கணும், சார்" என்றேன். "என் வார்த்தை போதாதா?" என்றார். போதாது என்றேன். மேலதிகாரியிடம் என் வாழ்க்கையில் சொன்ன முதல் 'போதாது' அது. தொடர்பை வெட்டிவிட்டார்.

வெளியே வந்தால் லூக்கே எனக்கு முன்பே என்ஜின்களைக் கிளப்பி வைத்திருக்கிறான். முகாம் முழுக்கப் புகை. பையன்கள் வண்டிகளுக்குள் ஏறிவிட்டார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. காவல் அறையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்குக் குறுக்கே போட்டேன். சதுக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டிகளைப் பார்த்து உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தோன்றவில்லை. துப்பாக்கியை எடுத்திருந்தால் யாராவது சுட்டிருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கிழவனை எப்படிச் சுடுவது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

லூக்கே முதல் வண்டியிலிருந்து குதித்து வந்தான்.

"வழிய விடுங்க கர்னல். ஜெனரல் இருந்திருந்தா உங்க மூஞ்சில துப்பியிருப்பார்."

"அவர் எழுதி வெச்சதத்தான் செய்யறேன், லூக்கே. ராஜா சொல்லட்டும். நானே நாற்காலிய நகத்தறேன்."

"ராஜா நம்ம பக்கம்தான்யா!"

"அப்ப என்ன அவசரம்? வந்து சொல்லட்டும்."

"உங்க மருமவன் உள்ள இருக்கான், அதான் உங்களுக்கு ராஜா ஞாபகம் வருது!"

அது சுட்டது.  அவன் வண்டியில் ஏறி, என் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். என்ஜினின் சூடு முகத்தில் அடித்தது, முதுகு குளிரில் விறைத்தது. ஓட்டுகிற பையன் கண்ணாடித் துளைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தான் என்று பிறகு சொன்னார்கள். நீங்கள் தைத்த பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தேன். நூல் அறுபடவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பின்னால் நகர மன்றத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபெர்மினும் மற்றவர்களும் ஜன்னலில் நின்று என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தொலைக்காட்சியில் ராஜா பேசப்போகிறார் என்றார்கள், பாட்டு போட்டார்கள். மறுபடி பேசப்போகிறார் என்றார்கள், மறுபடி பாட்டு.

நடுநிசி தாண்டி, சமையற்காரர் எப்ரேன் கரண்டியோடு ஓடி வந்தார். "வந்துட்டார்! ராஜா வந்துட்டார்! சீருடையில இருக்கார்!" சாப்பாட்டு அறை ஜன்னலில் பெட்டியைத் தூக்கி வைத்துச் சத்தத்தைக் கூட்டினார்கள். லூக்கே என்ஜினை நிறுத்தச் சொன்னான். அவனுக்கும் கேட்க வேண்டியிருந்ததே. ராஜாவின் குரல் வந்தது. மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்ட சட்டத்தைப் பலத்தால் முறிக்க நினைப்பவர்களை முடியாட்சி பொறுக்காது என்றார். கொஞ்ச நேரம்தான் பேசினார். லூக்கே துப்பாக்கி தொங்கிய இடுப்பு வாரை அவிழ்த்து வண்டியின்மேல் வைத்துவிட்டு அறைக்குப் போனான். அதன்பிறகு யாரும் என்ஜினைத் தொடவில்லை.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. நான்கு பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஃபெர்மின் சதுக்கத்தைக் கடந்து ஓடி வந்து நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டான். "மாமா, பல்லக்குல போறீங்க, ராஜா தோத்தார்" என்றான். அவன் முகம் வெள்ளையாக இருந்தது.

நன்றி எழுத வேண்டாம். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் என்னை ஜனநாயகத்தைக் காத்தவன் என்கிறார்கள். நேற்று ஒரு கடைக்காரர் மதுவுக்குக் காசு வாங்கவில்லை. அது உண்மையில்லை. உங்களுக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு ராஜா வேறு மாதிரிப் பேசியிருந்தால், வண்டிகளை எடு என்று அதே குரலில் சொல்லியிருந்தால், நான் எழுந்து நாற்காலியை ஒதுக்கியிருப்பேன். சதுக்கத்தைக் கடந்து போய், உங்கள் மகனை நானே கைது செய்திருப்பேன். கெட்டவனாக அல்ல, கீழ்ப்படிகிறவனாக. நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதுதான் நான்.

லெயாந்த்ரோ


தூலூஸ்
1982 ஜனவரி 7

சம்பந்தி,

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. பேத்தி இனெஸின் ஞானஸ்நானத்துக்கு வந்தபோதும் உங்கள் பக்கம் திரும்பவில்லை. நீங்கள் ஓய்வு பெற்ற விருந்துக்கும் நான் வரவில்லை. பெலென் அழுதாள் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கும் வலித்திருக்கும். எனக்கு அந்தக் கடைசி வரிகள் தொண்டையில் முள்ளாக நின்றன. உண்மையைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே இந்த மனுஷன் என்று திட்டியிருக்கிறேன். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன், அதையும் கெடுத்துவிட்டீர்கள்.

ஆனால் வேறு யாரும் எனக்கு இந்த உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் மகனின் உயிர் அன்றைக்கு ஒரே ஒருவருடைய தொண்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நல்லதைச் சொன்னார். நான் வானொலிப் பெட்டிமேல் தலையை வைத்துக்கொண்டு, "சொல்லுடா மகனே, சொல்லு" என்று ஒரு ராஜாவைக் கெஞ்சினேன். செலெஸ்தினோ பார்த்துக்கொண்டிருந்தார், கிண்டல் செய்யவில்லை. ராஜா பேசி முடித்ததும் செலெஸ்தினோ விம்மி விம்மி அழுதார். அந்த ராஜாவுக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு நாடு இப்படி ஒரு தொண்டையில் தொங்கக் கூடாது சம்பந்தி. அடுத்த தொண்டை எப்படியிருக்குமோ, யார் கண்டது?

நேற்று ரொட்டி வெட்டினோம். ராஜா என் துண்டில் வந்தது. செலெஸ்தினோ வழக்கம்போல் எழுந்து தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் கைதட்டத் தயாராக என்னைப் பார்த்தார்கள். நான் நின்றேன். போட முடியவில்லை. "என்ன அண்ணி, அலமாரில வெச்சுப் பூ போடப் போறீங்களா?" என்றார். அதுவும் முடியவில்லை. கழுவித் துடைத்து, பஞ்சில் சுற்றி இந்த உறையில் வைத்திருக்கிறேன். மூக்கு கொஞ்சம் உடைந்திருக்கிறது, அடுப்பில் ஆனது, நாங்கள் செய்யவில்லை.

இதை இனெஸுக்காக வைத்திருங்கள். என்னிடம் இருந்தால் செலெஸ்தினோ தொட்டியில் போட்டுவிடுவார். உங்களிடம் என்றால் யாரும் தொட மாட்டார்கள். அவள் வளர்ந்து ஓட்டுப் போடும் வயது வந்ததும் அவள் கையில் கொடுங்கள். நம் கதை இரண்டையும் சொல்லுங்கள், என்னுடையதைச் சுருக்காமல் சொல்லுங்கள். பிறகு அவளைக் கேளுங்கள், அலமாரியா தொட்டியா என்று. என்னை யாரும் கேட்கவில்லை. உங்களையும்தான். அவளையாவது கேட்கட்டும்.

அவள் தொட்டி என்று சொன்னால், அன்றைக்கு நீங்கள் நாற்காலியைப் போட்டுக் குறுக்கே உட்காரக் கூடாது.

உங்கள் சம்பந்தி,
அம்பாரோ


தந்தி
தொர்ரேஆல்பா, 1982 ஜனவரி 12

ராஜா வந்து சேர்ந்தார். உங்கள் உத்தரவுப்படியே. லெயாந்த்ரோ.